காசைப் படித்த கால்டுவெல்

குழந்தைகளே, உங்களில் எத்தனை பேர் பழைய நாணயமும் பழைய ரூபாய் நோட்டும் சேர்க்கிறீர்கள்? தாத்தாவின் மேசை இழுப்பறையில் கிடந்த ஓட்டைக் காலணா, பாட்டியின் சுருக்குப்பையில் மடித்து வைத்த ஒரு ரூபாய் நோட்டு என்று ஏதாவது ஒன்று உங்களிடம் இருக்கும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் என்றால், சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் காசுகூட இருக்கலாம்.

அந்தக் காசை இன்று கடையில் கொடுத்தால் ஒரு மிட்டாய்கூடத் தரமாட்டார்கள். அப்புறம் எதற்கு அதைப் பத்திரப்படுத்த வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஒருவருடைய வாழ்க்கையே பதில் சொல்கிறது. சென்னை மெரினா கடற்கரையில் 1968-ஆம் ஆண்டு முதல் சிலையாக நிற்கிறாரே, ராபர்ட் கால்டுவெல், அவர்தான்.

தமிழுக்கு இலக்கண நூல் எழுதியவர் என்றுதான் அவரைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவர் பழங்காசுகளை ஆராய்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. வாருங்கள், அந்தக் கதையைப் பார்ப்போம்.

அயர்லாந்தில் பிறந்த பிள்ளை

கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி அயர்லாந்தில், பெல்ஃபாஸ்ட் நகருக்குப் பக்கத்தில் உள்ள கிளாடி என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அவருக்குப் பத்து வயதானபோது குடும்பம் ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகருக்குத் திரும்பியது.

சிறுவனுக்குப் புத்தகம் என்றால் உயிர். படம் வரைவதிலும் ஆசை. அதனால் பதினைந்து, பதினாறு வயதில் டப்ளின் நகரில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய், அங்கே ஓவியம் கற்றார். ஓவியம் கற்பவர் முதலில் எதைக் கற்க வேண்டும் தெரியுமா? உற்றுப் பார்ப்பதை! ஒரு முகத்தில் மூக்கு எப்படி வளைகிறது, எழுத்தின் கோடு எங்கே முடிகிறது என்று கவனிக்கும் பழக்கம் அவருக்கு அப்போதே வந்துவிட்டது. தேய்ந்துபோன காசைப் படிப்பவருக்கும் இந்தப் பழக்கம் வேண்டும்.

ஆனால் அவர் ஓவியர் ஆகவில்லை. சமயப் பணிக்குப் போக முடிவு செய்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கிரேக்க மொழிப் பேராசிரியர் சாண்ட்ஃபோர்டு, மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். அந்த விதை பிறகு நம் ஊரில் மரமானது.

படிப்பு முடிந்ததும் கப்பல் ஏறினார். 1838-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 23.

நடந்தே வந்த பயணம்

சென்னையில் மூன்று ஆண்டுக்கு மேல் தங்கித் தமிழ் படித்தார். 1841-ஆம் ஆண்டு தெற்கே புறப்பட்டார். ரயில் கிடையாது, பேருந்து கிடையாது. வழியில் உள்ள ஊர்களையும் மக்களையும் பார்த்துக்கொண்டே பெரும்பாலும் நடந்து வந்தார். நேர்வழியில்கூட வரவில்லை. தஞ்சைப் பக்கம் போய், நீலகிரி மலைக்கும் ஏறி இறங்கி, மதுரை வழியாகத் திருநெல்வேலிக்கு வந்தார். கடைசியில் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், சிவப்பு மணல் தேரியும் பனைமரமும் சூழ்ந்த இடையன்குடி என்ற ஊரில் வீடு போட்டார்.

மூன்று ஆண்டு கழித்து, 1844 மார்ச்சில், மேற்கே நாகர்கோவிலுக்குப் போனார். ஏன் தெரியுமா? கல்யாணத்துக்கு! நாகர்கோவிலில் சமயப்பணி செய்துவந்த சார்லஸ் மால்ட் என்பவரின் மகள் எலைசாதான் மணப்பெண். எலைசாவின் அம்மா மார்த்தா மால்ட், நாகர்கோவில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். எலைசா நம் நாஞ்சில் நாட்டிலேயே வளர்ந்தவர். தமிழ் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிய பேச்சு. புத்தகத் தமிழ் படித்த கணவருக்கு, ஊர்ப் பேச்சுத் தமிழ் பழக மனைவி துணையானார். இடையன்குடியில் எலைசா பெண் பிள்ளைகளுக்குப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக் கொடுத்தார்.

எல்லை தாண்டினால் காசு மாறும்

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இன்று இடையன்குடியிலும் நாகர்கோவிலிலும் ஒரே ரூபாய்தான். அன்று அப்படி இல்லை. இடையன்குடி ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. நாகர்கோவில் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் வேறு அரசு, வேறு காசு!

ஆங்கிலேயர் பகுதியில் 16 அணா ஒரு ரூபாய். திருவிதாங்கூரிலோ 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். இந்த ரூபாயும் அந்த ரூபாயும் சமம் இல்லை. ஆங்கிலேய ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரமும் 8 காசும் கொடுக்க வேண்டும். திருவிதாங்கூர் ரூபாய்க்கு எத்தனை சக்கரம்? நீங்களே பெருக்கிப் பாருங்கள். 28 வருகிறதா? அப்படியானால் வித்தியாசம் அரைச் சக்கரம்.

வெள்ளிச் சக்கரம் மிளகு போலப் பொடியாக இருக்கும். விரலால் எண்ணினால் விடிந்துவிடும். அதற்காகச் சின்னச் சின்னக் குழிகள் போட்ட மரப்பலகை வைத்திருந்தார்கள். காசைப் பலகையில் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக விழும். மீதியை வழித்துவிட்டால் எண்ணிக்கை சரியாக வந்துவிடும். எவ்வளவு சுலபம் பார்த்தீர்களா!

ஆக, ஒரு காசைப் பார்த்தே அது எந்த நாட்டுக் காசு, யார் ஆட்சிக் காசு என்று சொல்லிவிடலாம். கால்டுவெல் இதைப் புரிந்துகொண்டார். இன்றைய காசு இன்றைய எல்லையைச் சொல்கிறது என்றால், பழைய காசு பழைய கதையைச் சொல்லும் அல்லவா?

மகாராஜாவிடம் இருந்த ரோமானியத் தங்கம்

1847-ஆம் ஆண்டு, மலபாரில் கண்ணூருக்குப் பக்கத்தில் உள்ள கோட்டயம் என்ற இடத்தில் ஒரு பெரிய புதையல் கிடைத்தது. (கேரளத்தின் நடுவில் உள்ள கோட்டயம் நகரம் வேறு, இது வேறு.) எல்லாம் தங்கக் காசுகள். புத்தம்புதிது போலப் பளபளத்தன. அவை நம் நாட்டுக் காசுகளே அல்ல. கடல் கடந்து வந்த ரோமானியக் காசுகள்!

அந்தக் காசுகளில் ஒரு பகுதி திருவிதாங்கூர் மகாராஜாவிடம் போய்ச் சேர்ந்தது. கால்டுவெல் அவற்றை ஆராய்ந்தார். அவற்றைப் பற்றிய நூல் 1851-இல் திருவனந்தபுரத்தில் அச்சானது.

ரோமானியக் காசில் இப்போது போல ஆண்டு எண் இருக்காது. பிறகு எப்படிக் காலம் கண்டுபிடிப்பது? காசின் ஒரு பக்கம் பேரரசரின் தலை இருக்கும். சுற்றிலும் அவர் பெயர் இருக்கும். பல காசுகளில், அவர் ஒரு பதவியை எத்தனையாவது முறை வகித்தார் என்ற எண்ணும் இருக்கும். வரலாற்று நூலோடு ஒப்பிட்டால் எந்த ஆண்டில் அச்சடித்தது என்றே சொல்லிவிடலாம். டைபீரியஸ், நீரோ போன்ற பேரரசர்களின் பெயர்களை அந்தக் காசுகளில் படித்தபோது, அவை ஏறக்குறைய 1,800 ஆண்டுப் பழமை உடையவை என்று தெரிந்தது.

ரோமானியத் தங்கம் இங்கே ஏன் வந்தது? மிளகு, முத்து, மெல்லிய துணி எல்லாம் வாங்கத்தான். அந்தக் காலத்தில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய கடல்வழிக் குறிப்பில் குமரி முனையும், முத்துக் குளிக்கும் கொற்கையும் வருகின்றன. இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் பணம் போகிறதே என்று பிளினி என்ற ரோமானிய அறிஞர் தம் நூலில் வருத்தப்பட்டிருக்கிறார். புத்தகத்தில் இருந்த செய்திக்குக் காசு சாட்சி சொன்னது!

ஆயிரத்தில் மிஞ்சியது 31

இனி வருவது கொஞ்சம் வருத்தமான கதை.

பாண்டியர்களின் பழைய துறைமுகம் கொற்கை. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. கிரேக்கர்கள் கொல்கை என்று எழுதியது இந்தக் கொற்கையைத்தான் என்று கால்டுவெல் எடுத்துக்காட்டினார். ஆனால் கொற்கைக்குப் போய்ப் பார்த்தால் கடலைக் காணோம்! கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருந்தது. துறைமுகம் எப்படி வயலுக்கு நடுவில் வரும்?

தாமிரபரணி ஆறு ஆண்டுதோறும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறது. கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் வளர்கிறது. கடல் விலகியதால் கொற்கையை விட்டுக் காயலுக்குத் துறைமுகம் மாறியது. அங்கும் மண் மேடிட்டதால் பிறகு வேறு துறைமுகங்கள் வந்தன. 1870-களில் கால்டுவெல் கொற்கையில் தோண்டிப் பார்த்தார். காயல் வெளியில் நடந்தபோது, சீனப் பீங்கான் உடைசல்கள் காலடியில் எங்கும் சிதறிக் கிடந்தன. எல்லாம் ஏர் உழுது உழுது நொறுங்கிப் போனவை.

அந்தப் பக்கத்தில் அவர் காலத்தில் ஒரு பானை கிடைத்தது. அதற்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட தங்கக் காசுகள்! கண்டெடுத்தவர்கள் என்ன செய்தார்கள்? தங்கம் என்றால் தங்கம்தானே என்று நினைத்து, பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டார்கள். மிஞ்சியவற்றில் 31 காசுகள் மட்டும்தான் கால்டுவெல் கைக்கு வந்தன.

அந்த 31 காசுகள் என்ன சொல்லின தெரியுமா? பெரும்பாலானவை அரபு எழுத்துப் பொறித்தவை. அவற்றில் மிகப் பழையது ஹிஜ்ரி 71-ஆம் ஆண்டுக் காசு. கடைசிக் காசின் ஆண்டு கி.பி. 1293. கூட்டத்தில் ஐரோப்பாக் காசும் இருந்தது. இன்றைய ஸ்பெயினில் உள்ள அரகான் நாட்டை ஆண்ட பீட்டர் மன்னனின் காசு அது! ஸ்பெயின் காசு தாமிரபரணிக் கரைக்கு வந்திருக்கிறது என்றால், எத்தனை கப்பல், எத்தனை கை மாறி வந்திருக்க வேண்டும்!

ஹிஜ்ரி ஆண்டை எப்படி மாற்றுவது? அது சந்திரன் கணக்கு. ஆண்டுக்கு 354 நாள்தான். கி.பி. 622-இல் தொடங்குகிறது. ஹிஜ்ரி 692 என்றால் 622-ஐக் கூட்டினால் போதாது. நாள் குறைவதால், 692 சந்திர ஆண்டு என்பது நம் கணக்கில் 671 ஆண்டுதான். 671-உடன் 622-ஐக் கூட்டுங்கள். 1293 வருகிறதா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பானையில் 1293-ஆம் ஆண்டுக் காசு இருந்தால், அதற்கு முன்னால் யாரும் அந்தப் பானையைப் புதைத்திருக்க முடியாது! மார்க்கோ போலோ என்ற வெனிஸ் நகர வணிகர் நம் கடற்கரைக்கு வந்ததும் அதே காலத்தில்தான். அரபு நாட்டிலிருந்து காயலுக்குக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின என்று அவர் எழுதினார். அந்த வாணிகம் நடந்தது உண்மை என்று அரபுக் காசுகளும் சொல்கின்றன.

31 காசுகளே இவ்வளவு சொன்னால், உருகிப்போன காசுகள் எவ்வளவு சொல்லியிருக்கும்? தங்கம் அப்படியே இருந்தது. ஆனால் பெயரும் ஆண்டும் போயே போய்விட்டன. யாராலும் அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஒப்பிட்டுப் பார்த்தவர்

காசைப் போலவே சொல்லையும் கால்டுவெல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தமிழில் கண், மலையாளத்திலும் கன்னடத்திலும் கண்ணு, தெலுங்கில் கன்னு. இப்படி நூற்றுக்கணக்கான சொற்களையும் இலக்கணத்தையும் ஒப்பிட்டு, இவையெல்லாம் ஒரே குடும்பம், வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று நிறுவினார். அவருக்கு முன்பே, 1816-இல், சென்னையில் இருந்த எல்லிஸ் என்ற அதிகாரி இந்தக் கருத்தைச் சொல்லியிருந்தார். கால்டுவெல் அதைப் பெரிய நூலாக விரித்து 1856-இல் வெளியிட்டார். அதுதான் புகழ்பெற்ற திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். 1881-இல் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றையும் எழுதினார்.

அவர் எழுதியது எல்லாமே சரி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே வாழ்ந்த மக்களைப் பற்றி 1849-இல் அவர் எழுதிய ஒரு நூல் பலருடைய மனத்தைப் புண்படுத்தியது. அதைப் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. எதிர்த்து எழுதினார்கள், அரசுக்கும் முறையிட்டார்கள். அந்த நூலில் அவர் சொன்ன பலவற்றை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. சான்றை வைத்துப் பேசியபோது அவர் சொன்னது நிலைத்தது. ஊகத்தை வைத்து மனிதர்களை எடைபோட்டபோது தவறினார். பெரியவர்களின் வாழ்க்கையில் இதையும் சேர்த்துத்தான் நாம் படிக்க வேண்டும்.

இடையன்குடியில் அவர் 1847-இல் தொடங்கிய ஆலயம் 1880-இல்தான் கட்டி முடிந்தது. 33 ஆண்டு! நடுவில் 1877-இல் ஆயர் ஆனார். 1891 ஆகஸ்ட் 28-ஆம் தேதி கொடைக்கானலில் காலமானார். உடலை மலையிலிருந்து இறக்கி, இடையன்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். வந்து இறங்கிய நாளிலிருந்து 53 ஆண்டு! நடுவில் சில தடவைதான் ஊருக்குப் போய் வந்திருக்கிறார்.

அவர் தோண்டிய கொற்கையில் 1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியது. அங்கே கிடைத்த கரித்துண்டு ஒன்றைச் சோதித்தபோது, ஏறக்குறைய கி.மு. 785 என்று காலம் தெரிந்தது. 2021-இல் மறுபடியும் தோண்டினார்கள். கால்டுவெல்லுக்கு அஞ்சல்துறை 2010-இல் தபால்தலை வெளியிட்டது. தபால்தலை சேர்ப்பவர்கள் தேடிப் பாருங்கள்!

நோட்டும் கதை சொல்லும்

கால்டுவெல் பிறந்த அயர்லாந்தில் பழைய பணநோட்டுச் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். 1928-இல் அங்கே வெளிவந்த நோட்டில் ஒரு பெண்ணின் படம் இருக்கும். ராணியின் படம் அல்ல. ஜான் லாவரி என்ற ஓவியர் தம் மனைவி ஹேசலையே அயர்லாந்தின் அடையாளமாக வரைந்த படம்! அந்த ஓவியர் பிறந்ததும் பெல்ஃபாஸ்ட்டில்தான். புதிதாக அமைந்த நாடு, இங்கிலாந்து அரசரின் தலைக்குப் பதிலாகத் தனக்கென ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்தது. அதை நோட்டே சொல்கிறது. 2002-இல் அங்கே யூரோ வந்துவிட்டது. பழைய நோட்டுகள் சேகரிப்பவர்களின் ஆல்பத்துக்குப் போய்விட்டன.

நம் ஒரு ரூபாய் நோட்டு 1917-இல் பிறந்தது. முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததால் காகிதத்தில் அச்சிட்டார்கள். பாட்டியின் சுருக்குப்பையில் இருக்கும் நோட்டுக்குப் பின்னால் ஓர் உலகப் போரே இருக்கிறது!

நீங்களும் சேர்க்கலாம்

* பழங்காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், எழுத்துப் போய்விடும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள்.
* நோட்டை மடிக்காதீர்கள். கிழிந்த இடத்தில் டேப் ஒட்டாதீர்கள். புத்தகத்துக்கு நடுவில் காகித உறையில் வையுங்கள்.
* ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். எங்கே கிடைத்தது, யார் தந்தார், என்றைக்கு என்று குறியுங்கள். கிடைத்த இடம் தெரியாத காசு பாதிக் கதையைத்தான் சொல்லும்.
* மண்ணுக்குள் புதையல் கண்டால் வீட்டுப் பெரியவர்களிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லுங்கள். பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.
* சென்னைக்குப் போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழங்காசுகளைப் பாருங்கள். அது தொடங்கிய ஆண்டும் 1851-தான்!

என்ன குழந்தைகளே, இன்றைக்கே வீட்டில் தாத்தா பாட்டியிடம் பழைய காசு கேட்பீர்கள்தானே? காசு கிடைத்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். அந்தக் காசுக்கு அன்று என்ன வாங்கினார்கள் என்றும் கேட்டு எழுதி வையுங்கள். காசைப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். பாட்டிக்குத் தெரிந்த கதையை எழுதி வைத்தால்தான் உண்டு.